முதல் பக்கத்தில் ஒரு போன் நம்பர்

புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயரும் போன் நம்பரும் எழுதிவைக்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. அவர் யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார், ஆனாலும் எழுதிவைப்பார். நான் எழுதிவைத்துவிட்டுக் கொடுத்துவிடுவேன். பாதிக்கு மேல் திரும்பி வந்ததில்லை. அந்த நம்பரைப் பார்த்து யாராவது கூப்பிட்டார்களா என்றால், இத்தனை வருடத்தில் ஒரே ஒருமுறைதான். 2017 நவம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு பதினொன்றேகால் மணி.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

குழு என்று சொன்னாலும் அதற்குப் பெயரோ டீ-ஷர்ட்டோ கிடையாது. பன்னிரண்டு பதிமூன்று பேர். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கத்திப்பாரா பாலத்தடியில் வேன் ஏறுவோம். ஞாயிறு நள்ளிரவு அதே இடத்தில் முட்டி வலியோடு இறங்குவோம். நாகலாபுரம், ஜவ்வாது மலை, கல்வராயன் மலை. லீவு சேர்ந்து வந்தால் மேற்குத்தொடர்ச்சி மலை. காசு சேர்ந்தவர்கள் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை இமயம். ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் உண்டு, எல்லோருக்கும் அவர் 'சார்'. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் அக்கா ஒருவர். மிச்சப்பேர் பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து வளைந்தவர்கள்.

வேனில் புத்தகம் கைமாறும். யார் ஆரம்பித்தது என்று ஞாபகமில்லை. ஒருவர் படித்து முடித்ததை அடுத்த சீட்டில் இருப்பவரிடம் கொடுப்பார், அவர் முடித்ததும் பின்னால் போகும். ரக்சாக்கில் இருநூறு கிராம் கூடினால் முனகுகிற ஆட்கள்தான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை அறுத்துவிட்டு மீதியை மட்டும் எடுத்துவருகிற ஒருவர்கூட உண்டு. ஆனாலும் புத்தகம் வரும். தடியான புத்தகமாக இருந்தால் சார் அதன் முதுகைப் பிளேடால் கீறி இரண்டாக்கிவிடுவார். முன்பாதி ஒரு ஆள் கையில், பின்பாதி இன்னொரு ஆள் கையில். முதல்முறை அதைப் பார்த்தபோது அக்கா வயிற்றில் அடித்துக்கொள்ளாத குறை. "பொணத்தக்கூட இப்படி அறுக்கமாட்டாங்க சார்."

இந்த ஆட்களிடம் புத்தகம் கொடுத்தால் 'நடை எப்படி, மொழி எப்படி' என்றெல்லாம் பேச்சு வராது. யார் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள், எந்த இடத்தில் திரும்பியிருக்கலாம்? இதைத்தான் கேட்பார்கள். சாருக்கு இதற்காகவே ஒரு பென்சில் உண்டு. படித்துக்கொண்டே போவார். இந்த இடத்தில் இவர்கள் திரும்பியிருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றினால் ஓரத்தில் சின்னதாக 'இங்கே' என்று எழுதுவார். வேறு குறிப்பு எதுவும் எழுதமாட்டார். 1996 மே 10 அன்று எவரெஸ்டில் புயலில் சிக்கி எட்டுப்பேர் இறந்ததைப் பற்றி ஜான் கிராக்காவர் எழுதிய 'இன்டு தின் ஏர்' புத்தகத்தில் மட்டும் சாருடைய 'இங்கே' ஒன்பது இடத்தில் இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்குள் உச்சியைத் தொடவில்லையென்றால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடவேண்டும் என்று பேசிவைத்தவர்கள், இரண்டு தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நிமிடம், இன்னும் ஒரு நிமிடம் என்று. படிக்கிற நமக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். வெள்ளியங்கிரியில் ஆறாவது மலையில் மழை பிடித்துக்கொண்டபோது ஏழாவதையும் முடித்துவிட்டே இறங்கிய ஆள் நான்.

அந்தப் புத்தகத்தைத் தனியாகக் கொடுக்கக்கூடாது என்பது அக்காவின் சட்டம். கிராக்காவர் அதில் அனதோலி பூக்ரேயெவ் என்ற மலையேற்ற வழிகாட்டியைக் குறைசொல்லியிருப்பார், ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார், வாடிக்கையாளர்களுக்கு முன்னால் இறங்கிவிட்டார் என்று. பூக்ரேயெவ் அதே 1997 இல் தன் பக்கத்தை 'த கிளைம்ப்' என்று இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். அன்றிரவு புயலுக்குள் தனியாகத் திரும்பப்போய் மூன்று பேரை இழுத்துவந்தவர் அவர்தான். அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று அன்னபூர்ணாவில் பனிச்சரிவில் போய்விட்டார். "ஒருத்தர் சொல்றத மட்டும் கேட்டா அது கேஸ் ஷீட் இல்ல தம்பி, வதந்தி" என்பார் அக்கா. ஆகவே எங்களிடம் இரண்டும் ஒரே ரப்பர் பேண்டில்தான் போகும்.

அக்காவுக்கு இன்னொரு புகாரும் உண்டு. "எல்லாப் புத்தகத்துலயும் ஆம்பளைங்களே ஏறி ஆம்பளைங்களே சாவுறீங்க. எழுதுறதும் நீங்களே." அவர் கொண்டுவந்ததுதான் ஆர்லின் ப்ளம் எழுதிய அன்னபூர்ணா புத்தகம். 1978 இல் பெண்கள் மட்டுமே சேர்ந்து போன குழு. செலவுக்கு டீ-ஷர்ட் அச்சடித்து விற்றுக் காசு சேர்த்தார்கள். இருவர் உச்சியைத் தொட்டார்கள். அடுத்த முயற்சியில் இருவர் இறந்தார்கள். வேனில் அதைப் படித்து முடித்த ஒருவர், "இதுலயும் சாவுதானேக்கா?" என்றார். "ஆமா. ஆனா யாருகிட்டயும் பர்மிஷன் கேக்காம" என்றார் அக்கா. இன்றுவரை அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பையன் 2017 மே மாதம் குழுவில் சேர்ந்தான். இருபத்துமூன்று வயது. ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில் தூங்கி, ராத்திரி யாரோ அமெரிக்கர்களின் பாஸ்வேர்டை மாற்றிக்கொடுக்கும் வேலை. முதல் நடையில் செருப்போடு வந்தான், ஆனால் எல்லோருக்கும் முன்னால் ஏறினான். இறங்கும்போது என் பக்கத்தில் வந்து, "அண்ணா, மல பத்தி ஏதாச்சும் புக்கு குடுங்களேன். இங்கிலீஷ் மெதுவாத்தான் படிப்பேன், பரவால்லயா?" என்றான்.

ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்யும்போது நம்மையும் கொஞ்சம் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். இவன் கண்ணில் நான் எப்படித் தெரியவேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. பாதுகாப்பான, வயதான, வீட்டுக்கடன் கட்டுகிற அண்ணனாகத் தெரியக்கூடாது. அதனால் 'இன்டு த வைல்ட்' எடுத்துக் கொடுத்தேன். அதுவும் கிராக்காவர் எழுதியதுதான், 1996 இல் வந்தது. கிறிஸ் மெக்கேண்ட்லஸ் என்ற இளைஞன், நல்ல வீட்டுப் பையன், படிப்பை முடித்ததும் கையிலிருந்த பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குச் சொல்லாமல் அமெரிக்கா முழுக்க அலைகிறான். 1992 ஏப்ரலில் அலாஸ்காவில் ஒரு காட்டுத்தடத்தில் தனியாக இறங்கி, கைவிடப்பட்ட ஒரு பழைய பேருந்துக்குள் தங்குகிறான். அங்கேயே பட்டினியில் இறந்துபோகிறான். இருபத்துநான்கு வயது. முதல் பக்கத்தில் என் பெயர், போன் நம்பர். அதற்குக் கீழே அன்றைக்கு ஒரு வரி சேர்த்தேன்: 'எச்சரிக்கை: இதைப் படித்தால் வேலையை விட்டுவிடுவாய்.'

எழுதும்போது எனக்கு அது ரொம்ப சாமர்த்தியமாகப் பட்டது.

நவம்பரில் வந்த அந்தப் போனில் பேசியது ஒரு அம்மா. தயங்கித் தயங்கிப் பேசினார். "தம்பி, இந்த புக்குல ஒங்க நம்பர் இருந்துச்சு. எம்புள்ள ஒங்ககூடத்தான் வந்துருக்கானா?" காலையில் ஆறு மணிக்கு பைக் எடுத்துக்கொண்டு போனவன். போனை வீட்டிலேயே, சார்ஜில் போட்டு, கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். லாக் போட்ட போன், அவரால் திறக்கமுடியவில்லை. கட்டிலில் போனுக்குப் பக்கத்தில் இருந்தது இந்தப் புத்தகம். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, நம்பர் படிக்கத் தெரியும்.

மறந்துவிட்டு வரவில்லை, வேண்டுமென்றேதான் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்பது எனக்கு உடனே புரிந்தது. மெக்கேண்ட்லஸ் காரை விட்டான், பணத்தை எரித்தான், கைக்கடிகாரத்தையும் வரைபடத்தையும் வேண்டாமென்றான். எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அதை ஒரு முட்டாள்தனத்தைச் சொல்வதுபோலவா நான் அவனிடம் விவரித்தேன்? டீக்கடையில் நின்று, கண் விரிய, ஒரு விடுதலையைச் சொல்வதுபோலச் சொன்னேன்.

"அம்மா, புக்கைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. உள்ள ஏதாவது பேப்பர் இருக்கா?"

பக்கம் புரளும் சத்தம் போனில் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்கு இன்னும் மறக்கமுடியவில்லை. "ஒரு பேப்பர் இருக்குப்பா. ஆறு மாதிரி ஏதோ கோடு போட்டிருக்கான். மூணு வட்டம் போட்டு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எழுதியிருக்கான். ஒரு ஆஞ்சநேயர் கோயிலு."

மூன்று வட்டம் என்றால் நாகலாபுரத்தின் மூன்று மடு. ஆகஸ்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து போன வழி. ஆகஸ்டில் அந்த ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர். நவம்பரில், வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும்போது அது ஓடை இல்லை.

சாரும் நானும் காரில் கிளம்பினோம். அக்கா நைட் டியூட்டியிலிருந்து பாதியில் வரமுடியாது, ஆனால் போனிலேயே என்னென்ன எடுத்துப்போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கம்பளி, குளுக்கோஸ், கட்டுத்துணி, தேவைப்பட்டால் கட்ட இரண்டு ஸ்கேல். ஊத்துக்கோட்டை தாண்டியபோது மழை. வைப்பர் அடித்துக்கொண்டே இருந்தது. சார் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

தடம் ஆரம்பிக்கும் ஊரில் பைக் நின்றிருந்தது. விடிந்ததும் ஊர்க்காரர்கள் மூன்று பேர் கயிறோடு எங்களுடன் வந்தார்கள், தெலுங்கில் எங்களைத் திட்டிக்கொண்டே. அரைமணி நேரம் நடந்திருப்போம், அவனே எதிரில் வந்துகொண்டிருந்தான். இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, உதடு நீலமாக. மேல் மடுவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது தண்ணீர் ஏறியிருக்கிறது. கடக்கப்போய் வழுக்கி மணிக்கட்டு உடைந்திருக்கிறது. அதற்குப்பின் ஒரு நல்ல காரியம் செய்தான், உட்கார்ந்துவிட்டான். ராத்திரி முழுக்கப் பாறைமேல் மழையில் உட்கார்ந்து, வெள்ளம் வடிந்தபிறகு கடந்திருக்கிறான். எங்களைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "அம்மாவுக்கு யாரு சொன்னா?"

மெக்கேண்ட்லஸும் ஜூலையில் திரும்பிவரத்தான் பார்த்தான். ஏப்ரலில் நடந்து கடந்த டெக்லனிக்கா ஆறு கோடையில் பனி உருகிப் பொங்கி ஓடியது. திரும்பிப் பேருந்துக்கே போய்விட்டான். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், ஆற்றின் குறுக்கே கம்பியில் தொங்கும் ஒரு கூடை இருந்தது. கையால் இழுத்து அக்கரை போய்விடலாம். நல்ல வரைபடம் ஒன்று கையில் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். புத்தகத்தில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. நானும் இரண்டுமுறை படித்திருந்தேன். ஆனால் டீக்கடையில் சொல்லும்போது அந்தக் கூடையைச் சொல்ல மறந்துவிட்டேன்.

அலாஸ்காவில் இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பேருந்தைத் தேடிப்போனவர்கள் எத்தனையோ பேர். அதே டெக்லனிக்கா ஆற்றில் 2010 இல் ஒரு பெண், 2019 இல் இன்னொரு பெண் மூழ்கி இறந்தார்கள். மீட்கப்பட்டவர்கள் நிறைய. கடைசியில் 2020 ஜூனில் ஹெலிகாப்டரில் கட்டி அந்தப் பேருந்தையே தூக்கிக்கொண்டுபோய்விட்டார்கள். நாங்கள் ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த சமயம். ஆகாயத்தில் ஒரு பேருந்து தொங்கும் படத்தை அந்தப் பையன்தான் எனக்கு அனுப்பினான். கீழே எதுவும் எழுதவில்லை.

இதை எழுத உட்காரும்போது எனக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. ஜோ சிம்ப்சன் என்ற ஆங்கிலேயர், 1985 இல் பெரு நாட்டு மலையொன்றில் கால் உடைந்து, கூட வந்தவர் வேறு வழியில்லாமல் கயிற்றை அறுத்துவிட, பனிப்பிளவுக்குள் விழுந்து, அங்கிருந்து தவழ்ந்தே முகாமுக்கு வந்து சேர்ந்தவர். 1988 இல் 'டச்சிங் த வாய்ட்' என்று எழுதினார். கயிற்றை அறுத்த சைமன் யேட்ஸுக்கே அதைச் சமர்ப்பணமும் செய்தார். ஓரளவு விற்றது, பிறகு மறந்துபோனது. பத்து வருடம் கழித்து 'இன்டு தின் ஏர்' பிரபலமானபோது, அமேசானில் அதைப் படித்த வாசகர்கள் இதையும் படியுங்கள் என்று எழுத ஆரம்பித்தார்கள். 'இதை வாங்கியவர்கள் அதையும் வாங்கினார்கள்' என்று அந்தத் தளமும் காட்ட ஆரம்பித்தது. செத்துப்போன புத்தகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. 2004 இல் கிறிஸ் ஆண்டர்சன் 'லாங் டெய்ல்' என்ற கட்டுரையை இந்தக் கதையோடுதான் தொடங்குகிறார். இணைய வியாபாரம் எப்படி மாறப்போகிறது என்பதற்கு உதாரணமாக. எனக்கு மிகவும் பிடித்த கதை அது, நல்ல சிபாரிசின் வெற்றி. ஆனால் அந்தத் தளத்துக்கு ராத்திரி பதினொன்றேகாலுக்கு யாருடைய அம்மாவும் போன் செய்யமாட்டார்.

கட்டோடு ஒன்றரை மாதம் இருந்தான். குழுப்பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கவேண்டும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, குரங்கணி. தேனி மாவட்டத்தில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில், சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் போயிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். சாயங்காலம் செய்தி பார்க்கப் பார்க்க எண்ணிக்கை ஏறியது. அடுத்த நாட்களில் மருத்துவமனைகளிலும் ஏறிக்கொண்டே போனது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள். நிறையப்பேர் எங்கள் வயது, எங்கள் மாதிரி வேலை, எங்கள் மாதிரி வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பியவர்கள். அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் டிவியில் காட்டிய அந்த எரிந்த சரிவில் கிடந்த ரக்சாக்கின் நிறமும் என் ரக்சாக்கின் நிறமும் ஒன்று.

அதன்பிறகு மலைகள் எங்களுக்கு மூடிக்கொண்டன. அனுமதி இல்லை, வீட்டில் சம்மதம் இல்லை, எங்களுக்கே கால் எழவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு சார் வீட்டு மொட்டைமாடியில் சும்மா கூடினோம். வேன் இல்லாமல் புத்தகம் மட்டும் கைமாறியது. அந்த இரண்டு வருடத்தில்தான் நாங்கள் உண்மையிலேயே படித்தோம் என்று சொல்லலாம். ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைகளில் வாழ்நாள் முழுக்க நடந்த நான் ஷெப்பர்ட், உச்சியைப் பற்றிக் கவலையே இல்லாமல் எழுதிய சின்னஞ்சிறு புத்தகத்தை அங்கேதான் படித்தேன். இரண்டாம் உலகப்போர் முடியும் சமயத்தில் எழுதி, முப்பது வருடம் மேஜை டிராயரில் போட்டுவைத்து, 1977 இல் வெளியிட்டார். அக்கா கொடுத்தது. "இதுல யாரு சாவுறாங்கன்னு மட்டும் பாக்காதீங்க" என்று சொல்லிக் கொடுத்தார். பனியில் சிலர் சாகத்தான் செய்கிறார்கள். ஆனால் புத்தகம் அவர்களைப் பற்றியது இல்லை.

ஏப்ரலோ மேயோ, அந்தப் பையன் மாடிக்கு வந்தான். கையில் இரண்டு புத்தகம். ஒன்று என்னுடையது. பக்கங்கள் உப்பியிருந்தன, வீட்டில் மழை ஒழுகியதாம். இன்னொன்று நான் கேள்விப்படாதது. நார்மன் மெக்லீன் எழுதிய 'யங் மென் அண்ட் ஃபயர்'.

"குரங்கணி நியூஸ் பாத்ததுலருந்து தூக்கம் வரலண்ணா. தீ எப்படிப் போகும்னு தேடுனேன். இது கெடச்சுது. டிக்சனரி வெச்சுப் படிச்சேன்."

அமெரிக்காவின் மொன்டானாவில் மேன் கல்ச் என்ற பள்ளத்தாக்கு. 1949 ஆகஸ்ட் 5. காட்டுத்தீயை அணைக்க பாராசூட்டில் குதித்து இறங்கும் இளைஞர்கள். கீழே ஏற்கெனவே இருந்த காவலர் ஒருவரையும் சேர்த்துப் பதினாறு பேர். தீயை ஒரு பக்கம் எதிர்பார்த்துப் போனவர்களுக்கு எதிரில், பள்ளத்தாக்கின் வாயில், தீ ஏறி வந்துவிடுகிறது. முழங்காலுக்கு மேல் வளர்ந்து காய்ந்த புல், செங்குத்தான சரிவு. ஓட ஆரம்பிக்கிறார்கள். சரிவு கூடக்கூட மனிதனின் வேகம் குறையும், தீயின் வேகம் கூடும். மேலே இருக்கும் புல்லை அனல் முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. இதை ஒருவர் புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொள்வதும், டிவியில் அந்தக் கருகிய சரிவைப் பார்த்தபிறகு தெரிந்துகொள்வதும் வேறுவேறு.

அவர்களின் தலைவர் டாட்ஜ் ஒரு தீக்குச்சியை எடுத்துத் தன் முன்னால் இருந்த புல்லுக்கே தீ வைத்தார். அது எரிந்து மேலே போனதும், அந்தச் சூடான சாம்பலுக்குள் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டு, வாருங்கள் வாருங்கள் என்று மற்றவர்களைக் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. துரத்தும் தீக்கு முன்னால் இன்னொரு தீ வைக்கும் ஆளைப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதானே நினைப்போம்? பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் பிழைத்தார். இருவர் மேட்டின் பாறைப்பிளவு வழியாக ஓடித் தப்பினார்கள். பதின்மூன்று பேர் இறந்தார்கள். மெக்லீன் தன் எழுபது வயதுக்குமேல் இதை எழுதத் தொடங்கினார். தப்பித்த இருவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி அந்தச் சரிவில் ஏறினார், அடி அடியாக அளந்தார். எழுதி முடிக்காமலே 1990 இல் இறந்தார். 1992 இல் புத்தகம் வந்தது. அந்தப் பையன்களுக்கு அந்தக் கடைசி நிமிடங்களில் என்ன தெரிந்திருக்கும், என்ன தெரிந்திருக்காது என்பதுதான் கிழவரின் ஒரே கேள்வி. பழி போடுவதில் அவருக்குப் பெரிய ஆசை இல்லை.

அன்றிரவு வீட்டுக்குப் போய் என்னுடைய பழைய புத்தகத்தைத் திறந்தேன். சாரின் பழக்கம் அவனுக்கும் ஒட்டியிருந்தது. டெக்லனிக்கா ஆற்றுப் பக்கத்தில் பென்சிலில் 'இங்கே'. வரைபடத்தை வேண்டாம் என்ற இடத்தில் 'இங்கே'. அவன் வரைந்த அந்த நாகலாபுரத் தாள் அப்படியே உள்ளே இருந்தது. ஊர் எல்லையில் ஒரு சின்னச் சதுரம், 'டீக்கடை தாத்தா, மழை வருது போவாதன்னாரு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு 'இங்கே'.

பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினேன். என் பெயர், என் நம்பர், அதற்குக் கீழே என் சாமர்த்தியமான வரி. அதன் ஓரத்திலும் எழுதியிருந்தான். மற்ற இடங்களைவிட லேசாக, அழித்துவிடலாமா என்று யோசித்து எழுதியதுபோல.

அவனிடம் இதைப்பற்றி நான் பேசவில்லை. அடுத்த மாதம் மாடியில், "அண்ணா, அடுத்து என்ன படிக்கலாம்?" என்று அவனேதான் கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. சார்தான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து 'த வொர்ஸ்ட் ஜர்னி இன் த வேர்ல்ட்' எடுத்துவந்தார். அதை அவர் பிளேடால் அறுத்ததில்லை. ஆப்ஸ்லி செர்ரி-கராட் 1922 இல் எழுதியது. ஸ்காட்டின் கடைசி அண்டார்டிகா பயணத்தில் போன இளைஞர், கண்ணாடி இல்லாவிட்டால் சரியாகக் கண் தெரியாது. தென்துருவத்திலிருந்து ஸ்காட்டும் கூட்டாளிகளும் திரும்பி வருவார்கள் என்று நாய்வண்டியோடு ஓர் உணவுக்கிடங்கில் காத்திருந்துவிட்டு, திரும்பிவிட்டார். அந்தக் கிடங்கிலிருந்து 11 மைல் தொலைவில்தான் அவர்கள் கூடாரத்துக்குள் இறந்துகிடந்தார்கள். 1912 நவம்பரில் தேடிப்போன கூட்டத்தில் செர்ரியும் இருந்தார். இன்னும் கொஞ்சம் தெற்கே போயிருக்கலாமோ என்ற எண்ணம் 1959 இல் சாகும்வரை அவரை விடவில்லை.

"கூடாரத்துல என்ன இருந்துச்சு தெரியுமா?" என்றார் சார். "பதினாறு கிலோ கல்லு. ஆராய்ச்சிக்குன்னு கடைசிவரைக்கும் இழுத்துட்டு வந்திருக்காங்க. அதில்லாம ஒரு புத்தகம். வழியில படிக்க வில்சனுக்கு செர்ரி குடுத்த புத்தகம். துருவம் வரைக்கும் போய்ட்டு, அத்தன கஷ்டத்துலயும் அதத் தூக்கிப் போடாம வெச்சிருந்திருக்கான். இரவல் வாங்குனதுன்னு." பையனிடம் கொடுத்தார். "மெதுவாப் படி. அவசரமே இல்ல. திரும்பக் குடுக்கணும்."

சாருக்கு இப்போது முட்டி போய்விட்டது. ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு அண்டார்டிகா படிக்கிறார்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை நாற்பது தடங்களை முறைப்படி திறந்து, உள்ளூர் ஆட்களையே வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து அனுப்ப ஆரம்பித்தது. போன வருடம் தீக்காலம் தொடங்கும் முன்னால், ஜனவரியில், தேனிப் பக்கம் ஒரு தடத்துக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். அந்தப் பையன் இப்போது பையன் இல்லை, கல்யாணமாகிவிட்டது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் மலைக்கிராமத்துக்காரர், முப்பது வயதிருக்கும். சோலையைத் தாண்டிப் புல்மேட்டில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். புல் தோளுயரம், நுனி மட்டும் பழுக்க ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு எங்களில் யாரும் பேசவில்லை.

பிறகு அவன்தான் அந்தக் கதையைச் சொன்னான். ஏழு வருடத்துக்கு முன்னால் படித்த புத்தகம், ஆனால் நேற்றுப் பார்த்துவிட்டு வந்ததுபோல. பள்ளத்தாக்கை இலையில் விரலால் வரைந்தான். டாட்ஜ் தீக்குச்சி எடுக்கும் இடம் வந்ததும் வழிகாட்டி கையை நிறுத்தினார்.

"எதிர்த்தீ வெச்சாரா?"

"ஆமா. ஆனா அணைக்கிறதுக்கு இல்ல. எரிஞ்ச எடத்துல படுத்துக்கிட்டாரு."

"சரிதான்" என்றார் அவர். "எங்க தாத்தா சொல்லுவாரு, எரிஞ்ச எடம் மறுக்க எரியாது, அங்க போயி நில்லுன்னு. ஆனா தானே வெச்சு தானே படுக்கிறதுன்னு நான் கேட்டதில்ல." கொஞ்சநேரம் புல்லையே பார்த்தார். "கூப்புட்டும் யாரும் வரலையா?"

"வரல."

"வரமாட்டாங்க சார். மொதல்லயே சொல்லி வெச்சிருக்கணும். தீ வந்தப்புறம் சொன்னா யாருக்குக் காது கேக்கும்?"

இறங்கும்போது அவர் கேட்டார், அந்தப் புத்தகம் தமிழில் இருக்கிறதா என்று. நாங்கள் தேடியவரையில் கிடைக்கவில்லை என்றோம். மறுநாள் காலை அடுத்த குழு வந்து சேர்ந்தது. கல்லூரிப் பிள்ளைகள், பளபளவென்று புது ஷூ. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் அவர்களை வரிசையாக நிறுத்தி, எப்போதும் சொல்கிற விதிகளைச் சொன்னார்: பிளாஸ்டிக் கூடாது, சத்தம் கூடாது, பிரிந்து போகக்கூடாது. எல்லாம் முடிந்ததும், "அமெரிக்காவுல டாட்ஜுன்னு ஒரு பாரஸ்டரு இருந்தாரு" என்று ஆரம்பித்தார். அவர் சொன்னதில் பாராசூட் இல்லை, ஆள் கணக்கும் மாறியிருந்தது. தாத்தாவும் எங்கேயோ உள்ளே வந்துவிட்டார். பிள்ளைகள் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

கிளம்பும்போது எங்களிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து, வருகிறவர்கள் பெயரைக் குறித்துவைக்கும் சின்ன நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி நீட்டினார். "தமிழ்ல வந்துச்சுன்னா சொல்லுங்க சார். இல்லாட்டி இந்த மாதிரி வேற கத இருந்தாலும் சொல்லுங்க."

பேனாவை வாங்கி என் பெயரையும் நம்பரையும் எழுதினேன். பிறகு நோட்டை அவனிடம் கொடுத்தேன், அவனும் தன்னுடையதை எழுதினான்.